எல்லை தாண்டும் எரிவாயுக் குழாய்: இந்தியாவுக்கு ஒன்றுகூட வராதது ஏன்?

ஈரானிலும் துர்க்மெனிஸ்தானிலும் உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்கள் இருக்கின்றன. மியான்மரின் கடலடியிலும் எரிவாயு எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தியா தன் தேவையில் ஏறத்தாழப் பாதியைக் கப்பலில்தான் இறக்குமதி செய்கிறது. அண்டை நாடுகளிலிருந்து ஒரு குழாய்கூட ஏன் வரவில்லை, இனியாவது வருமா என்பது கேள்வி.

போரும் பொருளாதாரத் தடையும்தான் காரணம் என்று பெரும்பாலும் விடை சொல்லப்படுகிறது. அது பாதி விடை. போரோ தடையோ குறுக்கே நிற்காத ஓர் இடத்திலும் இந்தியா ஒரு குழாயை இழந்திருக்கிறது. குழாய் கடந்து செல்லும் நாட்டுக்கு அதனால் என்ன ஆதாயம் என்பதைத் தீர்க்காமலே எல்லாத் திட்டங்களும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தப்பட்டன என்பதே என் கருத்து. அதை விளக்குவதற்கு முன், எரிவாயு என்ற சரக்கின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

கச்சா எண்ணெய் விற்பவர் ஒரு நாட்டோடு பிணங்கினால் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடலாம். வாங்குபவரும் வேறொருவரிடம் போகலாம். குழாயில் வரும் எரிவாயுவுக்கு அந்த வசதி இல்லை. எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, துருப்பிடிக்காமலிருக்க மேலே பூச்சும் மெல்லிய மின்னோட்டப் பாதுகாப்பும் கொடுத்து, மண்ணுக்கடியில் புதைத்து, 70 முதல் 100 பார் வரையிலான அழுத்தத்தில் எரிவாயுவைச் செலுத்துகிறார்கள். உராய்வினால் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதால், நூறு முதல் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு கம்ப்ரசர் நிலையம் வேண்டும். அந்த நிலையங்களும் பெரும்பாலும் குழாயில் வரும் எரிவாயுவில் ஒரு சிறு பங்கை எரித்தே இயங்குகின்றன. எல்லையில் இருக்கும் அளவீட்டு நிலையத்தில் எத்தனை கன மீட்டர் கடந்தது, அதன் வெப்ப மதிப்பு என்ன, ஈரமும் கந்தகச் சேர்மங்களும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பவை இடைவிடாது பதிவாகும். அந்த எண்களின்படிதான் பணம் கைமாறும். ஒரு முனையில் எடுப்பதைத் திடீரென்று குறைத்தால் மறு முனை வரை அழுத்தம் ஏறும். துர்க்மெனிஸ்தானிலிருந்து ரஷ்யாவுக்குப் போகும் குழாய் 2009 ஏப்ரலில் வெடித்தபோது, போதிய முன்னறிவிப்பில்லாமல் ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனம் கொள்முதலைக் குறைத்ததே காரணம் என்று துர்க்மெனிஸ்தான் குற்றஞ்சாட்டியது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே குழாயின் இரு முனைகளில் இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கட்டுண்டு கிடப்பார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இத்தகைய திட்டத்தில் பள்ளம் தோண்டுவதற்கு முன்பே பல ஆண்டுகள் காகிதத்தில் கழிகின்றன. முதலில் அரசுகளுக்கு இடையேயான உடன்படிக்கை. பிறகு குழாய் செல்லும் ஒவ்வொரு நாட்டின் அரசுக்கும் குழாய் நிறுவனத்துக்கும் இடையே வரி, நிலம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிய ஒப்பந்தம். பிறகு எரிவாயு விற்பனை ஒப்பந்தம். அதன் பிறகே வங்கிகள் பேச வரும். விற்பனை ஒப்பந்தத்தில் ‘டேக் ஆர் பே’ என்ற விதி ஏறக்குறைய எப்போதும் இருக்கும்: ஒப்புக்கொண்ட அளவில் பெரும்பகுதியை வாங்குபவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும் இது தேவையான விதி. வயலைத் தோண்டவும் குழாய் பதிக்கவும் ஆயிரக்கணக்கான கோடி டாலர் வரை முதலில் கொட்டிவிட்டுப் பிறகு துளித்துளியாகத் திரும்பப் பெறும் தொழிலில், வருமானத்துக்கு உறுதியில்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. ஆனால் எடுத்துக்கொள்ளும் பொறுப்பை வாங்குபவர் மேல் சுமத்துகிற இந்த ஏற்பாட்டில், நடுவில் இருக்கும் நாடு குழாயை மூடிவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவுக்கு வர வேண்டிய குழாய்கள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டன.

கிழக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. மியான்மரின் ராக்கைன் கடற்கரைக்கு அப்பால் ஷ்வே என்ற வயலில் எரிவாயு இருப்பது 2004இல் தெரியவந்தது. அந்தத் துரப்பணப் பகுதியை நடத்தியது தென்கொரியாவின் தேவூ நிறுவனம். இந்தியாவின் ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனத்துக்கு அதில் 20 விழுக்காடும் கெயில் நிறுவனத்துக்கு 10 விழுக்காடும் பங்கு இருந்தது. எரிவாயுவில் சொந்தப் பங்கு, அருகிலேயே கொல்கத்தா என்ற சந்தை, இடையில் பகை நாடு எதுவும் இல்லை. 2005 ஜனவரியில் மியான்மர், வங்கதேசம், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் அமைச்சர்களும் யாங்கூனில் கூடி, ராக்கைனிலிருந்து மிசோரம், திரிபுரா வழியாக வங்கதேசத்தைக் கடந்து மேற்கு வங்கத்துக்குக் குழாய் கொண்டுவரக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவின் சார்பில் போனவர் அப்போது பெட்ரோலிய அமைச்சராக இருந்த மணிசங்கர் அய்யர். அன்று மயிலாடுதுறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்ததால் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானவர்.

வங்கதேசம் ஆண்டுதோறும் கிடைக்கும் கடவுக் கட்டணத்தோடு மேலும் மூன்றைக் கேட்டது. நேபாளத்திலும் பூட்டானிலும் உற்பத்தியாகும் நீர்மின்சாரத்தை இந்தியா வழியாகத் தான் வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும். அந்த இரு நாடுகளோடும் இந்திய நிலத்தின் ஊடாக வணிகம் செய்யப் பாதை வேண்டும். இந்தியாவோடு தனக்குள்ள வணிகப் பற்றாக்குறையைக் குறைக்க நடவடிக்கை வேண்டும். மூன்றும் இரு நாடுகளுக்கிடையே பேச வேண்டியவை, மூன்று நாடுகளின் குழாய் உடன்படிக்கையில் அவற்றைச் சேர்க்க முடியாது என்று இந்தியா மறுத்தது. நடைமுறை விதிகளின்படி பார்த்தால் இந்தியாவின் வாதத்தில் தவறில்லை. ஆனால் ஒரு நாட்டின் நிலத்தைக் கடந்து போகக் கேட்பவர், அந்த நாடு எதை விலையாகக் கருதுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். வங்கதேசத்துக்குப் பணத்தைவிடப் பாதையும் மின்சாரமும் பெரிதாகத் தோன்றின. தன் நிலத்தில் இந்தியாவுக்கு வழிவிடுகிறபோது இந்திய நிலத்தில் தனக்கும் வழி வேண்டும் என்று அது கேட்டதில் எனக்கு எந்த அநியாயமும் தெரியவில்லை. வங்கதேசத்தைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கு மாநிலங்கள் வழியாகவே குழாய் கொண்டுவரலாமா என்றும் இந்தியா ஆராய்ந்தது. நீளம் மிகக் கூடியது, மலைப்பகுதியில் செலவும் ஏறியது.

மியான்மர் காத்திருக்கவில்லை. சீனாவின் தேசிய பெட்ரோலிய நிறுவனத்தோடு 2008இல் ஷ்வே எரிவாயுவுக்கான விற்பனை ஒப்பந்தம் முடிந்தது. கியாக்பியு கடற்கரையிலிருந்து மியான்மருக்குள் 793 கிலோமீட்டர் கடந்து, ருய்லி அருகே சீனாவுக்குள் நுழைந்து யுன்னான் மாநிலத்துக்குச் செல்லும் குழாயில் 2013 ஜூலையில் எரிவாயு ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 1,200 கோடி கன மீட்டர் கொள்ளளவு கொண்ட அந்தக் குழாய் நிறுவனத்தில் இந்திய நிறுவனங்கள் இரண்டும் சிறு பங்குகள் வாங்கின. ஆகவே வயலிலும் இந்தியப் பணம், குழாயிலும் இந்தியப் பணம்; எரிவாயு மட்டும் சீனாவுக்குப் போகிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது அதற்குப் பிறகு நடந்தது. 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் ஆகிய மூன்றும் காத்மாண்டுவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த மாதமே நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குச் சென்றது. 2005இல் குழாயோடு சேர்த்துப் பேச முடியாது என்று ஒதுக்கப்பட்ட அதே கோரிக்கை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, குழாய் இல்லாமல் நிறைவேறியிருக்கிறது. அன்றைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் ஷ்வே எரிவாயு உறுதியாக இந்தியாவுக்கு வந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். மியான்மரின் அன்றைய இராணுவ அரசுக்குச் சீனாவின் அரசியல் ஆதரவு பெரிதாக இருந்தது. ஆனால் முயற்சி தோற்ற இடம் அதுவல்ல என்பதை மறக்கலாகாது.

மேற்கில் கதை நீளமானது. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குக் குழாய் என்ற யோசனையை 1989இல் முன்வைத்தவர்கள் டெரி ஆய்வு நிறுவனத்தின் ராஜேந்திர பச்சௌரியும் ஈரானின் அலி ஷம்ஸ் அர்தகானியும் ஆவர். ஈரானின் தெற்கு பார்ஸ் வயல், கத்தாரின் வடக்கு வயலோடு கடலடியில் ஒன்றாக இணைந்த, உலகின் மிகப் பெரிய எரிவாயுப் பரப்பு. அங்கிருந்து 2,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய். இந்தியாவின் எரிவாயு பாகிஸ்தானின் கையில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு, குழாயை ஆதரித்தவர்கள் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது: அதே குழாயில்தான் பாகிஸ்தானுக்கும் எரிவாயு வருகிறது, கடவுக் கட்டணமும் கிடைக்கிறது, எனவே அதை மூடுவது தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்வதாகும் என்றார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் வாதம் நிற்பதற்கு ஒரு நுட்பமான நிபந்தனை தேவை. இந்தியாவுக்குப் போகும் பங்கை மட்டும் நிறுத்திவிட்டுத் தன் பங்கைத் தொடர்ந்து எடுக்க முடியுமானால் அந்தக் கட்டுப்பாடு மறைந்துவிடும். அதனால்தான் எரிவாயுவை இந்திய எல்லையில் ஒப்படைத்த பிறகே பணம், வழியில் தடைபட்டால் பொறுப்பு விற்பவருக்கு என்று இந்தியா கேட்டது. தன் எல்லைக்கு அப்பால் நடப்பதற்குப் பொறுப்பேற்க ஈரான் தயங்கியது.

விலையும் முரண்டு பிடித்தது. ஜப்பான் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயின் சராசரி விலையோடு எரிவாயு விலையைப் பிணைக்க ஈரான் விரும்பியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விலையைத் திருத்தவும் உரிமை கேட்டது. 2007, 2008 ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறிய வேகத்தில், உர ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் மானிய விலையில் எரிவாயு தர வேண்டிய ஒரு நாட்டுக்கு அந்தச் சூத்திரம் அச்சமூட்டியது இயல்பே. இதற்கிடையே அமெரிக்காவோடு இந்தியா அணுசக்தி உடன்படிக்கையை 2008இல் முடித்தது. அதே ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. 2009க்குள் இந்தியா விலகிக்கொண்டது. ஈரானும் பாகிஸ்தானும் மட்டும் அந்த ஆண்டு விற்பனை ஒப்பந்தம் செய்துகொண்டன. 2013 மார்ச்சில் அன்றைய அதிபர்கள் அகமதிநெஜாதும் சர்தாரியும் எல்லையில் கூடிப் பாகிஸ்தான் பகுதிக்கான பணியைத் தொடங்கிவைத்தார்கள். ஈரான் தன் நிலத்தில் குழாயைப் பெரும்பாலும் பதித்துவிட்டது. அமெரிக்கத் தடைக்கு அஞ்சிய பாகிஸ்தானால் தன் பக்கத்து 781 கிலோமீட்டரைப் பதிக்க முடியவில்லை. கடைசியில் ஈரான் சர்வதேச நடுவர் மன்றத்தை நாடும் நிலை வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற நாடு, தன்னால் அதை நிறைவேற்ற முடியுமா என்பதை மூன்றாம் நாட்டின் சட்டத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது வலிமிகுந்த எடுத்துக்காட்டு.

இனி டாபி. துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயர். 1990களில் அர்ஜென்டினாவின் பிரிதாஸ் நிறுவனமும் அமெரிக்காவின் யுனோகல் நிறுவனமும் ஆப்கானிஸ்தான் வழியாகக் குழாய் போடப் போட்டியிட்டன. 1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தாக்கப்பட்டு, அமெரிக்கா ஆப்கானிஸ்தான் மீது ஏவுகணைகளை வீசியதும் யுனோகல் ஒதுங்கிக்கொண்டது. பின்னர் ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையோடு திட்டம் உயிர்பெற்றது. 2010 டிசம்பரில் அஷ்காபாதில் நான்கு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. கல்கினிஷ் வயலிலிருந்து ஹெராத், காந்தகார், குவெட்டா, முல்தான் வழியாகப் பஞ்சாப் மாநிலத்தின் ஃபாசில்கா வரை 1,814 கிலோமீட்டர்: துர்க்மெனிஸ்தானில் 214, ஆப்கானிஸ்தானில் 774, பாகிஸ்தானில் 826. ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர். நாளொன்றுக்கு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் தலா 3.8 கோடி கன மீட்டர், ஆப்கானிஸ்தானுக்கு 1.4 கோடி. 2015 டிசம்பரில் மாரி நகரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆப்கானிஸ்தானின் போரே டாபியைத் தடுத்தது என்பது பொதுவான எண்ணம். அதற்கு இணையான தடை துர்க்மெனிஸ்தானிலேயே இருந்தது. இத்தனை ஆபத்தான குழாயைப் போட முன்வரும் பன்னாட்டு நிறுவனம் எதுவும், கைம்மாறாக எரிவாயு வயலில் பங்கு கேட்கும். ஏனெனில் குழாய்க் கட்டணத்தில் கிடைக்கும் சிறு இலாபம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. தன் எல்லையில் எரிவாயுவை விற்பதே தன் கொள்கை, நிலப்பகுதி வயல்களில் அன்னியருக்குப் பங்கில்லை என்று துர்க்மெனிஸ்தான் நின்றது. பெரிய நிறுவனங்கள் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பின. இறுதியில் துர்க்மெனிஸ்தானின் அரசு நிறுவனமான துர்க்மென்காஸ் தானே தலைமையேற்று 85 விழுக்காடு பங்கைச் சுமந்தது. மற்ற மூன்று நாடுகளும் தலா 5 விழுக்காட்டோடு நின்றன. சுமார் 1,000 கோடி டாலர் செலவாகும் என்று கணக்கிடப்பட்ட திட்டத்தை, அன்னியக் கடன் எளிதில் கிடைக்காத ஒரு நாட்டின் அரசு நிறுவனத்தின் தோளில் ஏற்றினால் அது எப்படி நகரும்?

இதே துர்க்மெனிஸ்தானிலிருந்து இதே காலத்தில் சீனா குழாய் போட்டு முடித்தது. உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் வழியாக 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் முதல் வரிசைக் குழாய் 2009 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்று மூன்று வரிசைகள் சேர்ந்து ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர் கொள்ளளவு. நிலப்பகுதியில் அன்னியருக்குப் பங்கில்லை என்ற துர்க்மெனிஸ்தான், பக்தியார்லிக் வயல் பகுதியில் சீன நிறுவனத்துக்கு விதிவிலக்கு அளித்தது. கல்கினிஷ் வயலை மேம்படுத்தச் சீன வளர்ச்சி வங்கி 2009இல் 400 கோடி டாலர் கடன் கொடுத்தது. கடந்து செல்லும் நாடு ஒவ்வொன்றிலும் அந்நாட்டு நிறுவனத்தோடு சரிபாதிப் பங்கில் தனித்தனிக் கூட்டு நிறுவனத்தைச் சீனா அமைத்தது என்பதுதான் நான் சுட்டிக்காட்ட விரும்பும் செய்தி. உஸ்பெகிஸ்தானுக்கும் கசகஸ்தானுக்கும் அந்தக் குழாய் தன் நிலத்தில் ஓடும் அன்னியச் சொத்தாகத் தெரியவில்லை. பாதி தம்முடையது, அதே குழாயில் தம் எரிவாயுவையும் விற்கலாம். சீனாவிடம் இருந்த பணம் இந்தியாவிடம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் பணம் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை.

பகைக்கு நடுவிலும் குழாய் நிலைக்க முடியுமா என்று ஐயப்படுவோருக்கு வளைகுடாவைக் காட்டலாம். கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து அமீரகத்தின் தவீலா வரை கடலடியில் 364 கிலோமீட்டர் ஓடும் டால்ஃபின் குழாய் 2007 முதல் இயங்குகிறது. 2017 ஜூனில் சவூதி அரேபியாவோடும் பிற நாடுகளோடும் சேர்ந்து அமீரகம் கத்தாரைத் தனிமைப்படுத்தியது. விமானங்கள் நின்றன, கப்பல்கள் நின்றன, தூதர்கள் வெளியேறினார்கள். 2021 ஜனவரியில் அந்தப் பிணக்கு தீரும்வரை எரிவாயு ஒரு நாளும் நிற்கவில்லை. சந்தையைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் எரிவாயுவை இழந்தால் அமீரகத்தின் மின் நிலையங்கள் தவிக்கும். மூடினால் கத்தாரின் நம்பகத்தன்மை உலகச் சந்தையில் குலையும். இருவருக்கும் இழப்பு ஏறத்தாழச் சமம்.

பொலிவியாவிலிருந்து பிரேசிலுக்குச் செல்லும் குழாயும் அப்படித்தான் பிழைத்தது. 2006 மே மாதம் அதிபர் ஏவோ மொராலேஸ் எரிவாயு வயல்களை நாட்டுடைமையாக்கி, பிரேசிலின் பெட்ரோபிராஸ் நடத்திய வயலுக்கே படை வீரர்களை அனுப்பினார். அப்போதும் 3,150 கிலோமீட்டர் குழாயில் எரிவாயு ஓடிக்கொண்டிருந்தது. சாவோ பாவ்லோவின் ஆலைகளுக்கு அது வேண்டியிருந்தது, பொலிவியாவுக்கு அந்த வருமானம் வேண்டியிருந்தது. இப்போது பொலிவியாவின் வயல்கள் வற்றிவருகின்றன; 2025இல் அர்ஜென்டினாவின் எரிவாயு பொலிவியா வழியாக அதே குழாயில் பிரேசிலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. விற்பவராக இருந்த நாடு வழிவிடும் நாடாக மாறியிருக்கிறது.

எதிர்மாறான எடுத்துக்காட்டு மொராக்கோ. அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்கு 1996 முதல் எரிவாயு போய்க்கொண்டிருந்தது. இடையில் அல்ஜீரியா 2011இல் ஸ்பெயினுக்கு நேராகக் கடலடியில் மெட்காஸ் என்ற குழாயை இயக்கத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் மொராக்கோவோடு அரச உறவை முறித்துக்கொண்டது. அக்டோபர் 31இல் கடவு ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவே இல்லை. மொராக்கோ ஒரே நாளில் எரிவாயுவையும் கட்டணத்தையும் இழந்தது. பின்னர் 2022இல் ஸ்பெயினிலிருந்து அதே குழாயில் எதிர்த்திசையில் எரிவாயு வாங்க வேண்டியதாயிற்று. நடுவில் இருக்கும் நாடு வலியது என்றே நாம் எப்போதும் நினைக்கிறோம். மாற்று வழி ஒன்று வந்துவிட்டால் அந்த வலிமை எவ்வளவு விரைவில் கரையும் என்பதைப் பாகிஸ்தானும் வங்கதேசமும் இந்தியாவும் எண்ணிப் பார்க்கலாம்.

அரசுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது குழாய் யாருடைய நிலத்தில் புதைக்கப்படுகிறது என்பது மறந்துபோகிறது. மியான்மரின் யதனா வயலிலிருந்து தாய்லாந்துக்கு 1990களில் குழாய் பதித்தபோது, அதற்குக் காவலிருந்த இராணுவம் கிராமத்தினரைக் கட்டாய வேலைக்கு இழுத்தது உள்ளிட்ட கொடுமைகளைச் செய்ததாகப் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் யுனோகல் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2005இல் அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. எல்லை தாண்டாத குழாயிலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதைத் தமிழ்நாடு அறியும். கொச்சியிலிருந்து பெங்களூருவுக்குச் செல்லும் கெயில் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் வயல்களைக் கடக்க இருந்தபோது எழுந்த எதிர்ப்பு, 2016இல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகும் அடங்கவில்லை. 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாகச் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு தருகிறது. குழாய்க்கு மேலே தென்னையோ மாமரமோ வைக்க முடியாது, கிணறு தோண்ட முடியாது என்றான பிறகு அந்த நிலத்தின் விலை என்னவாகும் என்பது ஈரோட்டு உழவருக்குத் தெரியும். சொந்த நாட்டு உழவரிடம் நியாயமாகப் பேரம் பேசாத ஓர் அமைப்பு, அயல்நாட்டு நிலத்தில் எளிதாக வழி கேட்டுவிட முடியாது.

குழாயின் இடத்தை இத்தனை காலத்தில் கப்பல் பிடித்துக்கொண்டது. எரிவாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகிப் பருமன் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். எல்என்ஜி எனப்படும் அந்தத் திரவ எரிவாயுவைக் கத்தாரிலிருந்து வாங்க இந்தியா 1999இல் நீண்டகால ஒப்பந்தம் செய்தது, 2004இல் குஜராத்தின் தாஹேஜ் முனையத்துக்கு முதல் கப்பல் வந்தது. எண்ணூரிலும் 2019 முதல் ஒரு முனையம் இயங்குகிறது. கத்தாரோடு செய்த ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் மேலும் 20 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. திரவமாக்கவும் மீண்டும் வாயுவாக்கவும் ஆகும் செலவு கூடுதல்தான். ஆனால் விற்பவரை மாற்றிக்கொள்ளலாம், நடுவில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ரஷ்யாவின் குழாய்களை நம்பியிருந்த ஐரோப்பா 2022க்குப் பிறகு அவசரமாகக் கப்பலை நாடியதைப் பார்த்தவர்கள், இந்தியா குழாயில்லாமல் இருந்ததே நல்லதாயிற்று என்கிறார்கள். அதை நான் முழுதும் ஏற்கவில்லை. கப்பலும் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்துதான் கத்தாரிலிருந்து வர வேண்டும். உலகச் சந்தையில் விலை ஏறும்போது உர ஆலைக்கும் மின் நிலையத்துக்கும் அந்தச் சுமை நேராக வந்து சேர்கிறது. குழாயும் கப்பலும் இரண்டும் இருக்கும் நாட்டுக்கே பேரம் பேச வலு இருக்கும்.

இனியாவது வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் துர்க்மெனிஸ்தானும் தாலிபான் அரசும் செர்ஹெதாபாதிலிருந்து ஹெராத் வரையிலான டாபி பகுதிக்குப் பணி தொடங்கின. ஹெராத்துக்கு எரிவாயு வந்தால் அந்நகரத்து மக்களுக்கு நல்லதே. ஆனால் அங்கிருந்து ஃபாசில்கா வெகு தொலைவு. சிந்து நதி உடன்படிக்கையையே 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்திருக்கும் இந்தியா, பாகிஸ்தான் நிலத்தைக் கடந்து வரும் எரிவாயுவுக்கு முப்பது ஆண்டு ‘டேக் ஆர் பே’ ஒப்பந்தத்தில் பொறுப்பேற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓமனிலிருந்து கடலடியில் குழாய் கொண்டுவரும் எண்ணம் 1990களிலிருந்தே இருக்கிறது. ஏறத்தாழ 3,500 மீட்டர் ஆழம் குறுக்கே நிற்கிறது. மியான்மரின் ஷ்வே எரிவாயு சீனாவுக்கு உறுதியாகிவிட்டது. வங்கதேசமே தன் வயல்கள் போதாமல் 2018 முதல் எல்என்ஜி இறக்குமதி செய்கிறது.

ஆகவே இந்தியாவை நோக்கி வரும் எரிவாயுக் குழாயை இன்னும் பத்தாண்டுகளுக்குள் நான் எதிர்பார்க்கவில்லை. இந்தியாவிலிருந்து வெளியே போகும் குழாய்களோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் பெட்ரோலியக் குழாய் 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சிலிகுரியிலிருந்து வங்கதேசத்தின் பார்வதிபூருக்கு 131.5 கிலோமீட்டர் டீசல் குழாய் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. வங்கதேசப் பகுதிக்கான 285 கோடி ரூபாயை இந்தியா மானியமாகக் கொடுத்தது. டாக்காவில் 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்து இரு நாட்டு உறவும் கசந்த பிறகும், 2025இல் டீசல் வாங்குவது நிற்கவில்லை. இவற்றில் இந்தியாவே விற்பவர், அடுத்த நாடே சார்ந்திருப்பவர். 2015இல் எல்லையில் லாரிகள் நின்று நேபாளம் மாதக்கணக்கில் எரிபொருளின்றித் தவித்ததை நேபாளிகள் மறக்கவில்லை. இந்தக் குழாய்களில் இந்தியா ஒரு நாளும் வால்வை அரசியலுக்காக மூடாமல் இருபது ஆண்டு ஓட்டிக்காட்டுமானால், பின்னொரு நாளில் வேறொரு குழாய்க்கு வழி கேட்டு டாக்காவின் மேசையில் உட்காரும்போது, 2005இல் யாங்கூனில் தன் கையில் இல்லாத ஒன்றோடு உட்காரும்.